பழைய ஒர்க்ஸ்டேஷனில் ஓஎஸ் போடும்போது 9600 என்று ஏன் டைப் செய்கிறோம்? எமில் போதோ என்ற தந்தி ஊழியரின் கதை

1990-களில் வந்த ஒரு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் உங்கள் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீட்சா டப்பா மாதிரி தட்டையான பெட்டி. பிளக்கைச் சொருகி ஆன் பண்ணினால் விசிறி சுற்றுகிறது, உள்ளே டிஸ்க் உறுமுகிறது. உயிர் இருக்கிறது! ஆனால் மானிட்டர் மாட்டலாம் என்று பின்பக்கம் திருப்பினால், அங்கே விஜிஏ-வும் இல்லை, எச்டிஎம்ஐ-யும் இல்லை. மூன்று தடித்த முனைகளும் பத்து மெல்லிய பின்களும் கொண்ட ஒரு சாக்கெட். இன்றைக்குக் கடையில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். கீபோர்டுக்கும் யுஎஸ்பி கிடையாது. திரை இல்லை, கீபோர்டு இல்லை. இதில் எப்படி ஓஎஸ் போடுவது?

இந்த மெஷின்களோடு பழகியவர்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். பெட்டியின் பின்னால் சீரியல் போர்ட் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு நல் மோடம் கேபிளை இழுத்து, யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் வழியாக லேப்டாப்பில் மாட்டுவார்கள். மினிகாம் அல்லது புட்டி போன்ற டெர்மினல் புரோகிராமைத் திறந்து, வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்று செட் செய்வார்கள்.

ஸ்பார்க்ஸ்டேஷன் ஆன் ஆகும்போது கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லை என்று தெரிந்ததும், பேச்சைத் தானாகவே சீரியல் போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் திரையில் ஓகே என்று இரண்டே எழுத்தில் ஒரு ப்ராம்ப்ட் வந்து நிற்கும். அங்கே பூட் கட்டளை கொடுத்தால் சிடி டிரைவிலிருந்தோ, நெட்வொர்க் வழியாகவோ இன்ஸ்டாலர் ஏறும். இந்த மெஷின்களை இன்னும் கைவிடாத நெட்பிஎஸ்டி மாதிரி ஓஎஸ் என்றால், அதன் கேள்விகள் ஒவ்வொன்றாக அந்த ஒற்றைக் கேபிள் வழியாக எழுத்துகளாக வரும். நீங்கள் டைப் செய்யும் பதிலும் அதே கேபிளில் போகும். மவுஸும் கிடையாது, படமும் கிடையாது. அவ்வளவுதான், ஓஎஸ் ஏறிவிடும்.

வேகம் கேட்கும் அந்தப் பெட்டியில் 9600 என்ற எண்ணை எத்தனையோ பேர் டைப் செய்திருப்பார்கள். அதன் பக்கத்தில் பாட் ரேட் என்று எழுதியிருக்கும். பாட் என்பது ஏதோ சுருக்கெழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். பள்ளிப் படிப்பைத் தொடக்கப் பள்ளியோடு முடித்த ஒரு பிரெஞ்சு விவசாயியின் மகனின் பெயர்.

9600 என்றால் என்ன?

முதலில் இந்த எண்ணைப் புரிந்துகொள்வோம். சீரியல் கேபிளில் தகவல் போக ஒரு திசைக்கு ஒரே கம்பிதான். அதில் எழுத்துகள் வரிசையாக, ஒரு நேரத்தில் ஒரு பிட் என்று போகின்றன. கம்பியில் மின்னழுத்தம் ஒரு மாதிரி இருந்தால் 1, வேறு மாதிரி இருந்தால் 0. ஒரு விநாடிக்கு எத்தனை முறை இந்த நிலை மாறலாம் என்பதற்கான அளவுதான் பாட். 9600 பாட் என்றால் விநாடிக்கு 9,600 துடிப்புகள். ஒரு துடிப்பின் நீளம் சுமார் 104 மைக்ரோ விநாடி.

8 பிட் கொண்ட ஓர் எழுத்துக்கு முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் ஒரு ஸ்டாப் பிட். ஆக, ஓர் எழுத்துக்கு 10 துடிப்பு. அப்படியென்றால் விநாடிக்கு 960 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் உள்ள ஒரு பழைய டெர்மினல் திரையை முழுசாக நிரப்ப 2 விநாடி ஆகும். சீரியல் வழியாக ஓஎஸ் போடும்போது வரிகள் மெதுவாக ஊர்ந்து வருவது இதனால்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இப்போது வந்தது எத்தனையாவது பிட் என்று சொல்லும் தனிக் கம்பி எதுவும் இதில் இல்லை. அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே தாளத்தில் எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் 9600, மறு பக்கம் 115200 என்று இருந்தால், வருகிற ஒவ்வொரு துடிப்பும் தப்பான இடத்தில் எண்ணப்படும். திரையில் கேள்விக்குறியும் கோணல் எழுத்துமாகக் குப்பை கொட்டும். மெஷின் கெட்டுப்போகவில்லை. தாளம்தான் சேரவில்லை.

இந்தத் தாளத்தைச் சேர்க்கும் வேலைக்காகவே தன் வாழ்க்கையைச் செலவு செய்தவர் எமில் போதோ.

யார் இந்த எமில் போதோ?

1845 செப்டம்பர் 11 அன்று, கிழக்கு பிரான்சில் ஓத்-மார்ன் பகுதியில் உள்ள மான்யோ என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. உள்ளூர்த் தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அதன்பிறகு அப்பாவின் நிலத்தில் வேலை. இன்ஜினீயரிங் கல்லூரியை அவர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

1869-ல், 23 வயதில், பிரெஞ்சுத் தந்தித் துறையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். அன்றைக்குத் தந்தித் துறை என்பது இன்றைய ஐடி துறை மாதிரி. கிராமத்துப் பையன் ஒருவன் நகரத்துக்கு வந்து சம்பளம் வாங்க அது ஒரு வழி. துறை அவருக்கு மோர்ஸ் தந்தியைக் கற்றுக்கொடுத்தது. அதோடு ஹ்யூஸ் என்ற அச்சடிக்கும் தந்திக் கருவியில் நாலு மாதப் பயிற்சிக்கும் அனுப்பி வைத்தது. அந்தப் பயிற்சிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

நடுவில் 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. போதோவும் அதில் பணியாற்றினார். போர் முடிந்து 1872-ல் பாரிசில் மீண்டும் வேலைக்குத் திரும்பினார்.

தந்திக் கம்பியில் என்ன பிரச்சினை?

ஹ்யூஸ் கருவி அந்தக் காலத்தில் ஒரு அதிசயம். பியானோ மாதிரி கட்டைகள் இருக்கும். ஓர் எழுத்துக்கான கட்டையை அழுத்தினால், மறுமுனையில் காகிதத்தில் அந்த எழுத்தே அச்சாகிவிடும். மோர்ஸ் மாதிரி புள்ளியையும் கோட்டையும் காதால் கேட்டு எழுத வேண்டியதில்லை.

ஆனா போதோ வேறொன்றைக் கவனித்தார். ஹ்யூஸ் கருவி ஓர் எழுத்தை அனுப்பும் அந்தச் சிறு கணத்தில் மட்டும்தான் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. மீதி நேரம் முழுக்கக் கம்பி சும்மா கிடக்கிறது. ஊரிலிருந்து ஊருக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதுதான் தந்தித் துறைக்கு ஆகும் பெரிய செலவு. அவ்வளவு செலவு செய்து இழுத்த கம்பி, பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு மாதிரி காலியாக இருந்தது.

தெருக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டால், மற்றவர்கள் வெறுங்குடத்தோடு நிற்க வேண்டும். முறை வைத்து ஆளுக்கொரு சொம்பு என்று மாறி மாறிப் பிடித்தால் நாலு பேருக்கும் தண்ணீர் கிடைக்கும். போதோ தந்திக் கம்பியில் செய்ய நினைத்தது இதைத்தான். ஒரே கம்பியை நேரத் துண்டுகளாகப் பிரித்து நாலைந்து ஊழியர்களுக்குப் பங்கு போடுவது. இன்றைக்கு இதன் பெயர் டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங். உங்கள் போனில் பேச்சு ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையிலும் இந்த யோசனை ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

தந்தித் துறை இந்த முயற்சிக்குத் தலையாட்டியது. ஆனால் ஆபீஸ் நேரத்தில் அல்ல. சொந்த நேரத்தில் செய்துகொள்ளச் சொன்னது. பகலில் தந்தி வேலை, மற்ற நேரத்தில் கண்டுபிடிப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே சைடு புராஜெக்ட் பண்ணுகிற யாருக்கும் இந்தக் கஷ்டம் புரியும்.

ஐந்து கட்டை, முப்பத்திரண்டு சைகை

முறை வைத்துப் பங்கு போட வேண்டுமென்றால் சொம்பு எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். மோர்ஸில் அது நடக்காது. ஆங்கில இ எழுத்துக்கு ஒரே புள்ளி. க்யூ எழுத்துக்கு நான்கு குறி. எழுத்துக்கு எழுத்து நீளம் மாறினால் முறை வைக்கவே முடியாது.

அதனால் எல்லா எழுத்துக்கும் சம நீளம் உள்ள ஒரு குறியீட்டை போதோ எடுத்துக்கொண்டார். ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் இரண்டு நிலைகளில் ஒன்று. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 சேர்க்கைகள் கிடைக்கும். ரோமன் எழுத்து 26-க்கு அது போதும். எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் இடம் வேண்டுமே? அதற்கு ஒரு மாற்றுச் சைகை வைத்தார். அதை அனுப்பினால் அடுத்து வரும் அதே சேர்க்கைகள் எண்களாகவும் குறிகளாகவும் பொருள்படும். போன் கீபோர்டில் எண்களுக்கு மாற நாம் தட்டுகிற பட்டனின் முன்னோர் இது.

அனுப்பும் கருவியில் பியானோ கட்டை மாதிரி ஐந்தே ஐந்து கட்டைகள். வலது கைக்கு மூன்று, இடது கைக்கு இரண்டு. வலது கையின் மூன்று கட்டைகளை ஏழு விதமாக அழுத்தலாம். பிரெஞ்சு மொழியில் அடிக்கடி வரும் உயிரெழுத்துகளை அந்த ஏழு சேர்க்கைகளில் வைத்தார். இடது கை சேரும்போது மெய்யெழுத்துகள். நாள் முழுக்க உட்கார்ந்து தட்டிய ஓர் ஊழியர் மட்டுமே யோசிக்கக்கூடிய ஏற்பாடு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதில் எதையுமே போதோ ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கண்டுபிடிக்கவில்லை. ஐந்து அலகுக் குறியீட்டை ஜெர்மனியில் கவுஸும் வெபரும் 1834-லேயே யோசித்திருந்தார்கள். கம்பியை நேரப் பங்கு போடும் முறையை பெர்னார் மெயர் 1871-ல் காட்டியிருந்தார். அச்சடிக்கும் முறை ஹ்யூஸுடையது. மூன்றையும் சேர்த்து, நிஜக் கம்பியில், நிஜ ஊழியர்களோடு தினமும் ஓடுகிற ஒரு கருவியாக மாற்றியதுதான் போதோவின் சாதனை. 1874 ஜூன் 17 அன்று தன் முதல் காப்புரிமையைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 28.

தாளம் தப்பினால் தந்தி காலி

இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரியான சுற்றும் கருவி இருக்கும். வட்டத் தட்டில் செப்புத் துண்டுகள் பதித்து, அதன் மேல் ஒரு பிரஷ் சுற்றிக்கொண்டே போகும். பாரிசில் பிரஷ் முதல் ஊழியரின் துண்டுகளைத் தொடும் அதே கணத்தில், மறு ஊரிலும் அது முதல் ஊழியரின் துண்டுகளைத் தொட வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒருவருடைய தந்தி இன்னொருவர் காகிதத்தில் விழும். இதைத் தடுக்க, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திருத்தும் சைகையை அனுப்பி இரண்டு சக்கரங்களையும் ஒரே கதியில் பிடித்து வைத்தார்.

மெஷினுக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் தாளம் தேவைப்பட்டது. தன் முறை வரும்போது ஊழியரின் விரல்கள் சரியான கட்டைகளில் இருந்தாக வேண்டும். அவர் அழுத்திய கட்டைகள், பிரஷ் கடந்து போகும்வரை பூட்டிக்கொள்ளும். கடந்ததும் க்ளிக் என்ற சத்தத்தோடு விடுபடும். அந்தச் சத்தம்தான் அடுத்த எழுத்துக்கான அழைப்பு. நிமிடத்துக்கு 30 வார்த்தை, அதாவது விநாடிக்கு சுமார் 3 எழுத்து. யோசித்து நிதானமாகத் தட்டவும் முடியாது, அவசரப்படவும் முடியாது. கச்சேரியில் தாளத்துக்கு வாசிப்பது மாதிரி, ஷிப்ட் முழுக்க அந்த க்ளிக்குக்குத் தட்ட வேண்டும்.

1877 நவம்பர் 12 அன்று பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடையே முதல் நேரடிச் சோதனை நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாரிஸ் - ரோம் தடத்தில், சுமார் 1,700 கிலோமீட்டருக்கு, போதோ கருவி ஓடத் தொடங்கியது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. தொடக்கப் பள்ளி படித்த தந்தி ஊழியரின் பெயர் உலகம் முழுக்கப் போனது.

பதக்கத்தை விற்ற கண்டுபிடிப்பாளர்

இதற்கு மேல் எல்லாம் சுகம்தான் என்று நினைப்போம். நடந்தது வேறு.

கருவியால் ஒரே கம்பியில் பல மடங்கு தந்தி போனது. மிச்சம் பிடித்தது தந்தித் துறை. ஆனால் ஆராய்ச்சிக்குத் துறையிடமிருந்து போதோவுக்குக் கிடைத்த உதவி கொஞ்சம்தான். பல நேரம் சொந்தக் காசைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்தக் காசுக்காக 1880-ல், கண்காட்சியில் கிடைத்த தங்கப் பதக்கத்தையே விற்றார். வாங்கி இரண்டே வருடம்.

பதவி உயர்வு வராமல் இல்லை. அதே 1880-ல் கன்ட்ரோலர் ஆனார். 1882-ல் இன்ஸ்பெக்டர்-இன்ஜினீயர் ஆனார். இன்ஜினீயரிங் படிக்காத ஒருவருக்கு அந்தப் பட்டம் வந்தது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அதற்குள் வேறொரு தொல்லை அவரைப் பிடித்திருந்தது.

கோர்ட்டுக்குப் போன ஐந்து துடிப்பு

லூயி விக்டர் மிமோ என்பவரும் தந்தித் துறைக்காரர். ஐந்து அலகுக் குறியீட்டை வைத்து அவரும் ஒரு தந்தி முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். தன் யோசனையை போதோ எடுத்துக்கொண்டார் என்று 1877-ல் வழக்குப் போட்டார்.

துறைக்குச் சம்பந்தமில்லாத மூன்று நிபுணர்களிடம் கோர்ட் கருத்துக் கேட்டது. குறியீட்டில் முன்னுரிமை மிமோவுக்கே, போதோ செய்தது அதன் மேம்பாடுதான் என்று தீர்ப்பு வந்தது. இரண்டு பேருக்கும் அதில் திருப்தி இல்லை. கடைசியில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. வழக்குச் செலவு முழுவதும் மிமோ தலையில் விழுந்தது.

மிமோ இதிலிருந்து மீளவே இல்லை. மனம் பேதலித்தவராக மாறினார். ஒருமுறை எகோல் பாலிடெக்னிக் மாணவர்களைச் சுட்டுக் காயப்படுத்தினார். அந்த வழக்கு கைவிடப்பட்டது. தன் காப்புரிமையை நீட்டிக்கத் தனிச் சட்டம், ஒரு லட்சம் பிராங்க், லீஜியன் ஆஃப் ஹானர் விருது ஆகிய மூன்றையும் அரசிடம் கேட்டார். தந்தி ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்த ஜூல் ரேனோவின் குழு அதை நிராகரித்தது. 1888-ல் மிமோ, ரேனோவைச் சுட்டுக் கொன்றார். 10 ஆண்டு கடுங்காவலும் 20 ஆண்டு நாடுகடத்தலும் தண்டனையாகக் கிடைத்தன.

ஒரு குறியீடு யாருடையது என்ற சண்டையில் ஓர் உயிர் போனது. இத்தனைக்கும், அந்தக் குறியீட்டுக்கே காப்புரிமை கிடையாது. வெறும் கருத்துக்குக் காப்புரிமை தர பிரெஞ்சுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கருவிக்குத்தான் கொடுத்தது. போதோவின் கருவிகள் இன்று மியூசியத்தில் இருக்கின்றன. யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் குறியீட்டின் வழித்தோன்றல்கள்தான் உலகம் முழுக்க ஓடுகின்றன.

உடம்பு ஒத்துழைக்கவில்லை

போதோவின் உடம்பு சின்ன வயதிலிருந்தே அவரோடு மல்லுக்கட்டியது. தந்தி வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே உடல் தொந்தரவு தொடங்கி, அடிக்கடி லீவு போட வேண்டி வந்தது. ஒருமுறை ஒரு மாதம் முழுக்க வேலைக்கு வர முடியவில்லை. அந்தத் தொந்தரவு கடைசிவரை அவரை விடவில்லை.

ஆனாலும் வேலையை அவர் விடவில்லை. 1887-ல் அட்லாண்டிக் கடலடிக் கேபிளில் தன் கருவியைச் சோதித்துப் பார்த்தார். 1890 ஜனவரியில் திருமணம். அப்போது வயது 44. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ், வான், லோரியான் ஆகிய மூன்று ஊர்களை ஒற்றைக் கம்பியில் இணைத்தார். 1894-ல் பாரிஸ், மிலன் பங்குச் சந்தைகளுக்கு இடையே, சைகையை நடுவழியில் வாங்கி மீண்டும் அனுப்பும் கருவியைப் பொருத்தினார். 1897-ல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை லண்டன் - பாரிஸ் தடத்தில் அவர் கருவியை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு துளையிட்ட காகித நாடாவும் வந்தது. ஊழியர் தன் வேகத்தில் நாடாவில் துளையிட்டு வைப்பார், மெஷின் அதன் வேகத்தில் அனுப்பிக்கொள்ளும். க்ளிக் சத்தத்துக்குக் காத்திருந்து தட்டும் வேலையிலிருந்து மனிதருக்கு விடுதலை கிடைத்தது அப்போதுதான்.

1903 மார்ச் 28 அன்று, பாரிசுக்கு அருகே சோ என்ற ஊரில் போதோ இறந்தார். வயது 57.

அங்கிருந்து உங்கள் டெர்மினல் வரை

போதோ இறப்பதற்குச் சற்று முன்பே, நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மர்ரே அந்தக் குறியீட்டை டைப்ரைட்டர் கீபோர்டுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். இப்போது விரல்கள் குறியீட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மெஷின் பார்த்துக்கொள்ளும். அதனால் அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறைந்த துளை என்று எழுத்துகளை வேறு வரிசையில் வைத்தார். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, அடுத்த வரிக்கு இறங்கு என்ற இரண்டு கட்டளைகளையும் சேர்த்தார். சீரியல் கன்சோலில் சில சமயம் வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும், பார்த்திருக்கிறீர்களா? இறங்கு வந்து, திரும்பு வராததன் விளைவு அது.

பிறகு அமெரிக்காவில் சார்லஸ் கிரம், அவர் மகன் ஹோவர்ட் கிரம் ஆகியோர் ஸ்டார்ட்-ஸ்டாப் முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஊர் சக்கரங்களும் நாள் முழுக்க ஒன்றாகச் சுற்ற வேண்டியதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கத் துடிப்பு வரும். அதைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, அந்த ஓர் எழுத்து முடியும்வரை தாளம் தப்பாமல் இருந்தால் போதும். இன்றைய சீரியல் போர்ட் செய்வது அச்சு அசலாக இதுதான். 10 துடிப்புக்குள் இரண்டு கடிகாரங்களின் வித்தியாசம் சுமார் 5 சதவீதத்துக்குள் இருந்தால் எழுத்து சரியாக வந்துவிடும்.

ஐந்து துடிப்புக் குறியீடு டெலிபிரிண்டர்களிலும் டெலக்ஸிலும் 20-ஆம் நூற்றாண்டு முழுக்க ஓடியது. சென்னை கிண்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலையும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

1963-ல் ஐந்துக்குப் பதில் ஏழு பிட் கொண்ட ஆஸ்கி தரநிலை வந்தது. அதே காலத்தில் வந்த டெலிடைப் மாடல் 33 மெஷின்கள் 110 பாட் வேகத்தில் பேசின. பெல் லேப்ஸில் யுனிக்ஸ் பிறந்தபோது, அதோடு மனிதர்கள் பேசியது டெலிடைப் வழியாகத்தான். அதனால்தான் இன்றைக்கும் லினக்ஸில் டெர்மினலுக்குப் பெயர் டிடிஒய். டெலிடைப் என்பதன் சுருக்கம். இன்று கிளவுட் நிறுவனங்கள் தரும் விர்ச்சுவல் சர்வர்களில்கூட, நெட்வொர்க் படுத்துவிட்டால் உள்ளே நுழைய சீரியல் கன்சோல் என்று ஒரு கதவு இருக்கிறது. கேபிளே இல்லாத இடத்திலும் கேபிளின் நினைவு!

1926-ல், தந்தியின் வேகத்தை அளக்க ஒரு பன்னாட்டு அலகு தேவைப்பட்டபோது, போதோவின் பெயரைச் சுருக்கி பாட் என்று வைத்தார்கள்.

அடுத்த முறை குப்பை எழுத்து வந்தால்...

பழைய ஒர்க்ஸ்டேஷனோ, ரூட்டரோ, சர்வரோ... சீரியல் வழியாக இன்ஸ்டால் செய்யும்போது மூன்று விஷயங்களை வரிசையாகப் பாருங்கள். திரை முழுக்க வெறுமையா? கேபிள் நல் மோடம் வகைதானா, அதாவது ஒரு பக்கம் அனுப்பும் கம்பி மறுபக்கம் வாங்கும் கம்பியில் சேர்கிறதா என்று பாருங்கள். எழுத்து வருகிறது, ஆனால் குப்பையாக வருகிறதா? பாட் ரேட்டை மாற்றிப் பாருங்கள். சன் மெஷின் என்றால் 9600, இன்றைய சின்ன போர்டுகள் பலவற்றுக்கு 115200. இன்ஸ்டால் பாதியில் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கவோ டெர்மினலை அணைக்கவோ வேண்டாம். கம்பி சற்று நேரம் ஒரே நிலையில் கிடந்தால் பழைய சன் மெஷின் அதை பிரேக் சைகை என்று எடுத்துக்கொண்டு, வேலையை நிறுத்திவிட்டு ஓகே ப்ராம்ப்டுக்குத் திரும்பிவிடக்கூடும்.

1949-ல் பிரெஞ்சு அஞ்சல் துறை போதோவின் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. தன் துறையில் வேலை பார்த்தவருக்கு அது செய்த மரியாதை. ஆனால் பிறந்த ஆண்டை 1845 என்பதற்குப் பதில் 1848 என்று தப்பாக அச்சடித்துவிட்டார்கள். விநாடியில் ஒரு பங்குகூடத் தப்பக் கூடாது என்று வாழ்ந்த மனிதருக்கு மூன்று வருடம் தப்பிப்போனது.

அவர் விற்ற பதக்கம் போனது போனதுதான். ஆனால் ஒரு பழைய மெஷினை உயிர்ப்பிக்க யாராவது டெர்மினலைத் திறந்து வேகத்தை செட் செய்யும்போதெல்லாம், அந்தத் தந்தி ஊழியரின் பெயர் திரையில் ஒரு முறை வந்துவிட்டுத்தான் போகிறது.